தாம்பூலம் வைத்துக் கிண்டல் செய்தவர்

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது ஏழு பேர். அதில் ஐந்து நான் பெற்றது, ஒன்று நாத்தனார் விட்டுவிட்டுப் போனது, இன்னொன்று ஒரு மழைநாளில் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்து அப்படியே இருந்துவிட்டது. ஏழும் இன்று நன்றாக இருக்கின்றன. ஒன்றுகூட யார் வாசலிலும் போய்க் கை கட்டி நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாரும் எங்களை லேசாக நினைத்துவிடக் கூடாது.

எனக்கு எழுதப் படிக்க அதிகம் வராது. எழுத்து பெரிதாக இருந்தால் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். 'மூக்குப்பொடி' பத்திரிகையை இப்போது செல்போனில் நடத்துகிற பிள்ளைகள் போன வாரம் வந்து, அதைத் தொடங்கியவரைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கனி எழுதுகிறாள். என் பெரிய மகனின் பெண். காலேஜ் படிக்கிறாள். நான் சொல்லாததை அவள் சேர்க்கக் கூடாது என்று பேச்சு.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. தன் பெயரை அவர் தன் பத்திரிகையில் ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை, நான் எதற்குப் போட வேண்டும்? பாகூர் பக்கம் எல்லோருக்கும் அவர் பேப்பர் சார். நாலு பக்கம், மாதத்துக்கு இரண்டு தடவை, உள்ளூர் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்வதற்கென்றே ஒரு பத்திரிகை. வில்லியனூரில் அச்சாகி, மொபெட்டின் பின்னால் கட்டாக வந்து, எங்கள் வீட்டை ஒட்டியிருந்த ஆட்டுக் கொட்டகையில் மடிக்கப்பட்டு, டீக்கடை டீக்கடையாகப் போய்த் தொங்கும். எழுதுவது, படம் வரைவது, கொண்டுபோவது எல்லாம் அவர் ஒருவர்தான். மடிப்பதற்கு மட்டும் நான் கை கொடுப்பேன்.

ஊரையே கிண்டல் செய்கிற ஆள் எப்படி இருப்பான் என்று நாம் ஒரு கணக்கு வைத்திருப்போம் இல்லையா? வாய் நீளமாக இருக்கும், கண்ணில் ஒரு குறும்பு இருக்கும். அவரிடம் இரண்டும் கிடையாது. அவரைப்போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. கொட்டகையை அவருக்கு விட்ட பிறகும் ஓர் ஆடு மட்டும் பழைய நினைப்பில் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். அதை அவர் விரட்டமாட்டார். "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா, பேப்பர் கட்ட எடுக்கணும்" என்பார். ஆடு நகராது. இவர் சுற்றிக்கொண்டு போவார். ஒருமுறை அச்சாகி வந்த கட்டில் ஒரு மூலையை அது தின்றுவிட்டது. அடுத்த இதழில், வாசகர் கடிதம் வருகிற இடத்தில், பத்திரிகையை முழு மனதோடு ஏற்றுக்கொண்ட அந்த வாசகருக்கு நன்றி என்று எழுதினார். சிரித்துக்கொண்டு எழுதவில்லை. உண்மையாகவே நன்றியோடுதான் எழுதினார் என்று எனக்குத் தோன்றியது.

முன்பெல்லாம் அவர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து சனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவே இல்லை. கிண்டலையும் மனு மாதிரிதான் எழுதுவார். 'உயர்திரு ஐயா அவர்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்' என்று தொடங்கி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிப்பார். நடுவில் அந்த ஐயாவின் வேட்டியை உருவியிருப்பார். ஒருநாள் யாரோ புகார் கொடுத்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த ஏட்டையா, இவ்வளவு நன்றாக எழுதுகிறீர்களே என்று தன் டிரான்ஸ்பர் மனுவை எழுதச் சொன்னார். அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்தார். எந்தப் புகாருக்குப் போனார் என்பது அங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதுதான் மற்ற பத்திரிகைக்காரர்களுக்கும் அவருக்கும் வித்தியாசம். யாரைக் கிண்டல் செய்யப்போகிறாரோ அவர் வீட்டுக்கு முதலில் போவார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், மேலே அந்த இதழின் மாதிரித் தாள் வைத்து, இரண்டு கையாலும் நீட்டுவார். அவர்கள் வாங்கிக்கொண்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். வாங்காமல் போகவே போகாது. எதற்கு சார் இந்த வேண்டாத வேலை என்று நான் கேட்டேன்.

"கல்யாணத்தையே சொல்லிட்டுத்தானேம்மா செய்றோம்? கிண்டல சொல்லாம செய்யலாமா?"

முதல் தட்டு போனது பழைய சேர்மன் வீட்டுக்கு. எங்கள் பக்கம் கொம்யூன் தேர்தல் நடந்து ரொம்ப காலம் ஆயிற்று. அதனால் பழைய சேர்மன் இன்னும் சேர்மன்தான். வருங்காலச் சேர்மன்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்தப் பழைய சேர்மன் தன் காலத்தில் ஒரு தார் ரோடு போட்டார். மெயின் ரோட்டிலிருந்து கிளம்பி நேராக அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றுவிடும். அந்த ரோடு மிகவும் கூச்ச சுபாவம் உள்ளது, ஐயா வீட்டு வாசலைத் தாண்டி நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுகிறது, பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பேப்பர் சார் எழுதியிருந்தார். தட்டோடு போனபோது சேர்மன் குளித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம்தான் வாசலுக்கு வந்தது. தட்டைப் பார்த்ததும் பேப்பர் சார் மகளுக்குக் கல்யாணம் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டது. பிற்பாடு அதுவே என்னிடம் சொன்னது.

"எப்ப சார்?"

"வர்ற வெள்ளிக்கெழமைங்கம்மா."

"எந்த மண்டபம்?"

"மண்டபமெல்லாம் இல்லீங்கம்மா. எல்லா டீக்கடையிலயும்."

"சிக்கனமா பண்றதுதான் சார் நல்லது" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு, காபி போட உள்ளே போயிருக்கிறது. சேர்மன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, ஒரு பழத்தை உரித்துத் தின்றுகொண்டே தாளை எடுத்துப் படித்திருக்கிறார். பாதிப் பழத்தில் விஷயம் புரிந்துவிட்டது. என்ன செய்வது? தாம்பூலத்தை வாங்கி, பழத்தையும் தின்றுவிட்டு, கொடுத்தவரோடு சண்டைக்குப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. சேர்மன் மீதிப் பழத்தையும் தின்றார். காபி வந்தது. பேப்பர் சார் குடித்தார். போய்ட்டு வர்றேங்க ஐயா என்று இரண்டு தடவை கும்பிட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்து ஊரே சிரித்தது. சேர்மன் வெளியே தலைகாட்டவில்லை. ஆனால் எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க முடியும்? ஒருநாள் டீக்கடைக்கு வந்தார். எல்லோரும் எழுந்து இடம் விட்டார்கள். முன்பெல்லாம் விட்டதில்லை. அவருக்கே ஆச்சரியம். கொஞ்ச நாளில் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்ட ஆரம்பித்தார்.

அதோடு கதை தலைகீழாகிவிட்டது. மூக்குப்பொடியில் வந்தால்தான் பெரிய ஆள் என்று ஆயிற்று. பிறந்தநாள் பேனரில் ஒருவர் தன் போட்டோவுக்குக் கீழே 'மூக்குப்பொடி புகழ்' என்று போட்டுக்கொண்டார். அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வட்டச் செயலாளர் தானே தட்டு வாங்கி, தானே வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டார், தன்னைக் கிண்டல் செய்யச் சொல்லி. பேப்பர் சார் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "நீங்க இன்னும் ஒண்ணும் செய்யலீங்களே ஐயா. எதனா செய்யுங்க, கட்டாயம் வர்றேன்" என்றார். அந்த ஆள் கண்கலங்கிப் போனதை நான் பார்த்தேன்.

இப்படி எல்லோர் வீட்டுக்கும் போன தட்டு, ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தது.

என் பெரிய மகனும் அந்தத் தெருவுக்கு இரண்டு வருங்காலச் சேர்மன்களில் ஒருவன்தான். கட்சியில் ஏதோ துணைப் பதவி. எங்கள் ஊர் பஸ் நிழற்குடைக்கு அடிக்கல் நாட்ட ஓர் அமைச்சர் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். எல்லா ஏற்பாடும் பெரியவன்தான். பந்தல், பேண்டு வாத்தியம், பட்டாசு, சால்வை, மைக் எல்லாம் தயார். ஆரத்தித் தட்டு என் கையில். யாரும் அமைச்சரை நேரில் பார்த்ததில்லை. வெள்ளைக் கார், வெள்ளை வேட்டி, பெரிய மீசை, இவ்வளவுதான் அடையாளம்.

சொன்ன நேரத்துக்கு வெள்ளைக் கார் வந்தது. வெள்ளை வேட்டியில் பெரிய மீசையோடு ஒருவர் இறங்கினார். பின்னால் இன்னொரு காரில் பட்டுப்புடவைப் பெண்கள். பேண்டு முழங்கியது. பெரியவன் ஓடிப்போய்ச் சால்வை போட்டான். நான் ஆரத்தி எடுத்து நெற்றியில் பொட்டு வைத்தேன். அவரும் நல்ல மனிதர், தட்டில் காசு போட்டு என்னைக் கும்பிட்டார். அப்படியே பூ தூவி அழைத்துப்போய்க் கல்லை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். தேங்காய் உடைக்கச் சொன்னார்கள். உடைத்தார். பெரியவன் மைக்கில் எங்கள் விடிவெள்ளியே என்று தொடங்கிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு மைக்கை அவர் கையில் கொடுத்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"இவ்ளோ மரியாத நாங்க எதிர்பாக்கல. எங்களுக்கு எதுவும் வேணாம். பொண்ணக் குடுத்தா போதும்."

கூட்டம் கை தட்டியது. எனக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. அதற்குள் அடுத்த தெரு வாத்தியார் சட்டைகூடப் போடாமல் துண்டோடு ஓடி வந்து, "சம்பந்தி, நம்ம வூடு அந்தத் தெருவு, இங்க இன்னா பண்றீங்க?" என்று அவர் கையைப் பிடித்தார். கரையாம்புத்தூரிலிருந்து தன் மகனுக்கு வாத்தியார் பெண்ணைப் பெண் பார்க்க வந்த கரும்பு விவசாயியாம். பெண் வீட்டு வரவேற்பு என்றே எல்லாவற்றையும் நினைத்திருக்கிறார். நிழற்குடைக் கல்லை, கல்யாணத்துக்கு ஏதோ சாங்கியம் என்று நினைத்து வைத்திருக்கிறார். உண்மையான அமைச்சர் அந்த நேரத்துக்குத்தான் வந்தார். வேறு யாரோ கல் வைத்துவிட்டுச் சால்வையோடு நிற்பதைக் காரிலிருந்தே பார்த்துவிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இதை எழுதாமல் விட்டால் அவர் பேப்பர் சாரா? மறுநாளே தட்டோடு வந்தார். பெரியவன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். அவனுக்கு விதி தெரியும், தட்டை வாங்கினால்தானே அச்சுக்குப் போகும்? கொல்லைப்பக்கமாக நழுவிவிட்டான். அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. இவர் முன்வாசலில் அம்மா தம்பி இருக்காரா என்பார். அவன் வாழைத்தோட்டத்தில் குனிந்து ஓடிக்கொண்டிருப்பான். பாகூர் ஏரிக்கரையில் ஒருநாள் இவர் மொபெட்டில் தட்டோடு வர, அவன் எதிரே பைக்கில் வந்தவன் வண்டியைப் போட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கி நின்றிருக்கிறான். இவர் கரையில் நின்று, "அவசரமில்லீங்க தம்பி, அப்புறமா வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். வெற்றிலை வாடும், மாற்றுவார். பழம் கறுக்கும், ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு வேறு வைப்பார். அந்த ஆடு அந்த மாதம் கொழுத்துவிட்டது.

பத்திரிகை வரவேண்டிய வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்ததும் போயிற்று. டீக்கடையில் கேட்க ஆரம்பித்தார்கள். தண்ணீருக்குப் போனால் என்னிடமே கேட்டார்கள், உங்கள் வீட்டால்தான் நின்றுபோச்சாமே என்று. அவனை விட்டுவிட்டு வேறு யாரையாவது போடுங்கள் என்று நானே சொல்லிப் பார்த்தேன். எல்லோரையும் போட்டுவிட்டு வீட்டுக்காரம்மா மகனை மட்டும் விட்டால், முன்னால் தட்டு வாங்கியவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். இந்தப் பக்கம் பெரியவன், மாதக் கடைசிக்குள் கொட்டகையைக் காலி செய்யும்படி அவருக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டதாக என்னிடம் வந்து சொன்னான். கொட்டகை என் பேரில் இருக்கிறது. இருந்தாலும் அவன் பெற்ற பிள்ளை. கட்சிக்காரர்கள் முன்னால் அவமானப்பட்டு நிற்கிறான். நான் தடுக்கவில்லை.

கடைசி நாள் பேப்பர் சார் சாவியோடு வந்தார். கொட்டகையைப் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, ஆட்டுக்குத் தழை கட்டித் தொங்கவிட்டிருந்தார். கட்டுகள் மொபெட்டில் ஏறியிருந்தன. வேறு இடம் பார்த்தாயிற்றா என்று கேட்டேன். இல்லை என்றார். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருப்பதாகவும், இத்தனை நாள் இடம் கொடுத்ததற்குப் பணிவான நன்றி என்றும் சொன்னார். சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. அந்தத் தாளில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தம்பி வாங்காமல் வேறு யாருக்கும் காட்ட முடியாது என்றார். வாய் வரை வந்த வார்த்தையை அடக்கிக்கொண்டு, சரி, ஆரத்தி எடுத்தது யார் என்றாவது போட்டிருக்கிறதா என்று கேட்டேன். முதல் தடவையாக அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அத வுட்டுட்டேங்கம்மா."

"ஏன்?"

"வூட்டுக்காரம்மாவ எப்டிங்க..."

எனக்கு வந்ததே கோபம். அத்தனை பேர் நடுவில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றவள் நான். அந்தக் கரும்புக்காரர் நெற்றியில் முதல் பொட்டு வைத்தவள் நான். நான் அங்கே இல்லவே இல்லை என்று எழுதிவிட்டு இவர் மரியாதை என்கிறார்.

"சார், அன்னிக்கி அந்த ஆள மொதல்ல அமைச்சராக்குனது நானு. அவன் போட்ட சால்வ அப்புறந்தான். கதைய எம்மேல எழுதுங்க. எம்மேல எழுதுனா தட்ட என்னாண்டதான குடுக்கணும்?"

 அதுவரை அந்த யோசனை அவருக்கு வரவே இல்லை. மரியாதை கண்ணை மறைத்துவிட்டது.

"ஆனா மொத பக்கத்துல போடணும்" என்றேன்.

மொத பக்கம் எப்போதும் அமைச்சருக்குங்க என்று இழுத்தார்.

"அமைச்சரு எங்க வந்தாரு? திரும்பிப் போயிட்டாரே."

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கட்டுகளைத் திரும்பக் கொட்டகையில் இறக்கினார். அன்று முழுக்க எழுதினார். மறுநாள் காலையில் நான் வாசலில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். கொட்டகைக்கும் என் வாசலுக்கும் எட்டிப் பிடிக்கிற தூரம். வெள்ளைச் சட்டையோடு தட்டை ஏந்திக்கொண்டு வெளியே வந்தவர், நேரே என்னிடம் வரவில்லை. தெருவுக்குப் போய், சுற்றிக்கொண்டு, கேட்டைத் திறந்து, என் எதிரிலேயே நின்று, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கேன் என்றேன். தட்டை நீட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். ஏழு பேரை வளர்த்த கை இது.

அந்த வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் நான் ஆரத்தித் தட்டோடு படமாக நின்றேன். மூக்கைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தார். பரவாயில்லை. அமைச்சர்களை நியமிக்கும் அதிகாரம் இதுவரை யாரிடம் இருந்தது என்பதில் குழப்பம் இருந்தது, இனி இல்லை, அம்மையார் அவர்கள் யார் நெற்றியில் பொட்டு வைக்கிறார்களோ அவரே அமைச்சர் என்று பணிவுடன் தெரிவித்திருந்தார். கனி அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். பெரியவன் உள்ளே வந்தான். தாளைப் பிடுங்கினான். நின்றபடியே முழுக்கப் படித்தான். இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன்.

"இன்னாம்மா இது? எல்லா ஏற்பாடும் பண்ணது நானு. எம்பேரு மூணாவது பத்தில வருது?"

நேராகக் கொட்டகைக்குப் போய் அவரிடமே சண்டை போட்டான். அவர் அவனை உட்காரவைத்து மோர் கொடுத்து, தட்டை நீங்கள் வாங்கியிருந்தால் முதல் வரியே உங்களுக்குத்தான் என்று வருத்தத்தோடு விளக்கினார். கொட்டகையைக் காலி செய்யும் பேச்சு அதோடு போயிற்று. கரும்புக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. பெரியவனை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள்.

முழங்கால் தாங்கிய வரைக்கும் பேப்பர் சார் நடத்தினார். அப்புறம் மகள் வீட்டோடு போய் இருந்தார். போன ஐப்பசி மழையில் இறந்துபோனார். இப்போது நடத்துகிற பிள்ளைகள் யார் வீட்டுக்கும் போவதில்லை. எழுதி, செல்போனில் தட்டிவிட்டுவிடுகிறார்கள். அதனால் தினம் ஒரு சண்டை, ஸ்டேஷன், வக்கீல் நோட்டீஸ். ஒரு வாழைப்பழத்தில் முடிகிற விஷயம். நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அவர்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் வாய்க்காலில் இறங்கி நின்றது, வாழைத்தோட்டத்தில் குனிந்து ஓடியது எல்லாம் முதலில் பெரியவன் காதுக்குப் போகாமல் ஊருக்குப் போனால், பேப்பர் சார் இருந்த கொட்டகைக்கு அது மரியாதை இல்லை. ஏண்டி கனி, எழுதினது போதும், பேனாவ மூடு. மொதல்லேருந்து படி. சத்தமாவே படி. உங்கப்பன் இப்பதான் சோத்துல மீன்கொழம்ப ஊத்திக்கினு உக்காந்திருக்கான், பாதியில எழுந்து போவ மாட்டான்.